ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலி

தெருவில் அவருக்கு டொக்டொக் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் மிச்சமிருந்தது. எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிற வியாதி அவருக்கு. கடையில் பூசணிக்காயைத் தட்டுவார்; அதை எல்லோரும்தான் செய்கிறார்கள். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சையும் தட்டுவார். துக்கம் கேட்கப் போன வீட்டில் நாற்காலி போட்டால், அதன் கையைத் தட்டிவிட்டு ‘சுமார்’ என்று முனகுவார். பக்கத்திலிருக்கும் மனைவி முழங்கையால் இடிப்பாள். இடி என்ன சுருதி என்று யோசிப்பார்.

தொழில், எலெக்ட்ரிக் கித்தார் செய்வது. கேட்டு வருகிறவர்களின் கைக்கும் மடிக்கும் தக்கபடி ஒவ்வொன்றாகச் செய்துகொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அதற்குப் பின்னால் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மூன்றிலும் மரத்தூள் பாரபட்சமில்லாமல் பரவியிருக்கும்.

“கரண்ட்ல பாடுற சாமானுக்கு எந்தக் கட்டையா இருந்தா என்னண்ணே? கம்பியும் ஒயரும்தானே பாடுது?” என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் சீண்டுவார்.

“உடம்பு எப்படி இருந்தா என்ன, சட்டையைத்தானே பாக்குறாங்கன்னு நீ சொல்லுவியா?”

“அதைச் சொல்லித்தானே அண்ணே நான் இத்தனை நாள் வியாபாரமே பண்றேன்!”

மரம் பொறுக்குவதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. தட்டுகிறவன் கேட்கக் கூடாது, கேட்கிறவள் பார்க்கக் கூடாது. தட்டுகிறவனின் கண் ஏற்கெனவே மரத்தின் வரியில் மயங்கிக் கிடக்கும். அழகான வரி உள்ள கட்டை, கண் வழியாகப் போய்க் காதிடம் சிபாரிசு வாங்கிவிடும். அதனால் அவர் தட்டுவார், மனைவி கேட்பாள். ஜன்னலைப் பார்த்து ஒரு நாற்காலி. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் அதில் உட்கார்ந்திருப்பாள். மடியில் உரிக்க வேண்டிய பூண்டோ, பட்டன் தைக்க வேண்டிய சட்டையோ இருக்கும். தையல்காரரின் மெஷின் ஓய்ந்து, வெளியே இருட்டிக்கொண்டு வரும்போது பல்பைப் போட்டுவிட்டு ஆரம்பிப்பார்கள். பலகையின் மேல்பக்கத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு தட்டு.

“ம்,” என்றால் அந்தக் கட்டை தேறிவிட்டது. எழுந்து வந்து சாக்பீஸால் ஒரு டிக் போட்டுவிட்டுப் போவாள். “ம்ஹும்,” என்றால் கீழ் அலமாரி. அது ஸ்டூல் காலாகவோ அடுப்புக்கு விறகாகவோ பிறவி முடிக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு. “ம்ம்…” என்று நீட்டுவாள். பக்கத்தில் வை, ஈரம் காயட்டும், இன்னொரு தடவை தட்டு என்று அதற்கு அர்த்தம். மழைநாளில் மரம் ஈரத்தைக் குடித்துவிட்டு மந்தமாகப் பேசும், அன்றைக்குப் பார்த்து அதற்குத் தீர்ப்புச் சொல்வது பாவம் என்பது அவள் கட்சி.

“கைதான் என்னுது. காது வீட்ல இருக்கு,” என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்தக் காது இப்போது வீட்டில் இல்லை.

மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போனவள். குழந்தைக்குத் தலை நின்றதும் வருகிறேன் என்றாள். தலை நின்றது. தவழட்டும் என்றாள். தவழ்ந்து, எழுந்து, இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதாம், கடிக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் “என்ன சொல்றீங்க?” என்று இவரைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இவர், “உன் இஷ்டம்,” என்றார். பெருந்தன்மையாக நடந்துகொள்வதாக அவருக்கு நினைப்பு.

சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையென்றால் சமாதானம் என்று ஒன்று பின்னால் வரும். இதற்குப் பின்னால் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. வாணலியில் ஒரு முட்டை. அதைத் தட்டில் போட்டால் கழுவ வேண்டுமே என்று வாணலியிலிருந்தே ரொட்டியால் வழித்துத் தின்பார். இரண்டு கோப்பைகளில் ஒன்று தூசி படிந்து கவிழ்ந்திருந்தது. எங்கேயாவது உட்கார வேண்டுமென்றால் மரப்பெட்டி மேல் உட்காருவார். ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதன் முதுகில் அவளுடைய பழைய சால்வை ஒன்று கிடந்தது.

டிக் போட்ட கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்துகொண்டு வந்தார். கடைசியில் கித்தாரின் கழுத்துக்கு ஆகிற மேப்பிள் கட்டை ஒன்று மட்டும் டிக்கோடு நின்றது. அந்தப் பக்கம் துடைப்பம் போகாது.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மா வந்தார். கடைத்தெருவில் மாடியில் கிளினிக் வைத்திருப்பவர். குடையை மடக்கி வாசலில் உதறிவிட்டு, நோயாளியின் நாற்காலியில் உட்காருவது போல மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

“மாஸ்டர், எனக்கு ஒரு கித்தார் வேணும். காலேஜ்ல வாசிச்சது. இந்த வயசுக்கு மேல இது தேவையான்னு வீட்ல கேக்குறாங்க.”

“வீட்ல யாரு கேக்குறது?”

“நான்தான். வேற யாரு இருக்கா?” என்று சிரித்தார். “உடம்புக்கு என்ன மரம் போடலாம்? மஹோகனியா, ஆஷா, வால்நட்டா? நெட்ல ஒருத்தன் மாதிரி ஒருத்தன் சொல்லல. எனக்குச் சவுண்டு கதகதப்பா இருக்கணும்.”

“கதகதப்புன்னா கம்பளிக் கடைக்குல்ல போகணும்?”

“விளையாடாதீங்க. பிரகாசமான சவுண்டு கேட்டா எனக்கு டிரில் மெஷின் ஞாபகம் வருது. நாள் பூரா அதைத்தான் கேக்குறேன். சாயங்காலமாவது வேற ஏதாவது கேக்கணும்.”

நியாயம்தான் என்று பட்டது. மூன்று பலகைகளையும் எடுத்துச் சுவரில் சாய்த்தார். சிவந்த மஹோகனி, வெளிறிப்போய் அகல வரி ஓடும் ஆஷ், பார்த்தாலே மரியாதை வருகிற கருத்த வால்நட். அது வரைக்கும் சும்மா இருந்த டாக்டரம்மா, ஓரத்தில் நின்ற மேப்பிளை எடுத்தார். “அழகா இருக்கே. இது என்ன, சாக்பீஸ் கறையா?” என்று கட்டை விரலைக் கொண்டுபோனார்.

“துடைக்காதீங்க!”

டொக்டொக் போட்ட சத்தத்தில் தையல்காரரின் மெஷினே ஒரு கணம் நின்றது. டாக்டரம்மா கட்டையை இருந்த இடத்திலேயே வைத்தார்.

“கறை இல்லீங்க. என் சம்சாரம் போட்டது,” என்று இவர் அசடு வழிந்தார். பிறகு தட்டுகிற முறையை விளக்கினார். காது ஊரில் இல்லை என்பதையும் சொல்லவேண்டியதாகிவிட்டது.

“நாங்களும் தட்டிப் பாப்போம் மாஸ்டர். எந்தப் பல்லு நோவுதுன்னு ஆளுக்கே தெரியாம வருவாங்க. கருவியோட பிடியால ஒவ்வொரு பல்லா தட்டுவேன். ஆனா பல்லு எழுப்புற சத்தத்தையா கேக்குறோம்? ஆளோட மூஞ்சியைப் பாக்கணும். எதைத் தட்டும்போது கண்ணு சுருங்குதோ, அதுதான்.”

“உங்களுக்குப் பரவாயில்ல. பல்லுக்கு மூஞ்சி இருக்கு. கட்டைக்கு ஏது?”

“ஒரு வாரம் டைம் எடுத்துக்குங்க,” என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே தையல்காரரைப் பிடித்து இழுத்து வந்தார். ஜன்னல் நாற்காலியில் உட்கார வைக்க மனசில்லை. பெட்டி மேல் சுவரைப் பார்க்க உட்கார வைத்தார். தையல்காரர் எதற்கோ வேண்டிக்கொள்கிறவர் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டொக்.

“எப்படி?”

“நல்லா இருக்குண்ணே.”

டொக்.

“இதுவும் நல்லா இருக்குண்ணே.”

டொக்.

“இது… உங்க மனசு போல இருக்கு.”

சந்தேகம் வந்து, கையிலிருந்த பலகையை வைத்துவிட்டு வேறொன்றைத் தட்டினார்.

“ஆகா! இதுதான் அண்ணே. கணீர்னு இருக்கு.”

“அது ரம்பம் வைக்கிற மேசை.”

தையல்காரர் கண்ணைத் திறந்து, காலை நீட்டிக்கொண்டார். “துணி எடுத்துட்டு வர்றவங்க கிட்ட இது உங்களுக்கு எடுப்பா இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கமே இல்லண்ணே. பொழப்பு போயிரும். அண்ணிக்குப் போன் போடுங்க. இதுக்கெல்லாம் அவங்கதான்.” கொஞ்சம் நிறுத்தி, “அவங்க எப்பதான் வர்றாங்க?” என்றார்.

“அவ இஷ்டம்,” என்றார் டொக்டொக்.

தையல்காரர் எதையோ சொல்ல வாயெடுத்து, நூல் கடிப்பது போல அதை நடுவிலேயே கடித்துத் துப்பிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைதான் போன் பேசும் நாள். மழை ஓட்டு மேல் அடித்துக்கொண்டிருந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“என்ன?”

“முட்டை.”

“நேத்தும் முட்டைதானே?”

“அது வேற முட்டை.”

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. குழந்தை எதையோ கீழே தள்ளியதாம், அதட்டிவிட்டு வந்தாள். இவர் டாக்டரம்மா கதையைச் சொன்னார். மூன்று கட்டை இருக்கிறது, போனிலேயே கேட்டுச் சொல்லு என்றார். போனை மேசை மேல் நிற்க வைத்துவிட்டு, மஹோகனியைத் தொங்கவிட்டுத் தட்டினார்.

“ம். தட்டுங்க,” என்றாள்.

“தட்டிட்டேனே.”

“கேக்கலையே.”

மறுபடி தட்டினார். முட்டி வலிக்கும்படி தட்டினார். ஆஷைத் தட்டினார், வால்நட்டைத் தட்டினார், ஆத்திரத்தில் மேசையையே குத்தினார்.

“என்னங்க, இருக்கீங்களா? ஒரு சத்தத்தையும் காணோம். லைன் போயிருச்சா?”

மகள் போனை வாங்கினாள். “அப்பா, அது கேக்காதுப்பா. இந்தப் போன் எல்லாம் சுத்தி இருக்கிற இரைச்சலை வடிகட்டிரும். தட்டுறது, கொட்டுறது எல்லாம் அதுக்கு இரைச்சல். மனுஷங்க பேசினாத்தான் இந்தப் பக்கம் வரும்.”

“இவ்வளவு நாள் நான் நம்பி வாழ்ந்தது இரைச்சலைத்தானா?”

“நான் என்னப்பா பண்றது, போன் செஞ்சவனைக் கேளுங்க,” என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மழையாவது அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தார். அதுவும் கேட்டிருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

“ஒண்ணு சொல்லணும்,” என்றாள். “இவ அடுத்த மாசம் வேலைக்குப் போகப் போறா. பக்கத்துல குழந்தைங்க காப்பகம் ஒண்ணு இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு இடம் காலியா இருக்காம். நான் இங்க இருக்கிறதா இருந்தா அது வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். நான் இருந்துட்டேன்னா, அப்புறம் இவனைப் பள்ளிக்கூடத்துல சேக்குற வரைக்கும் இங்கதான். நீங்க என்ன சொல்றீங்க?”

இவருடைய கையில் வால்நட் இருந்தது. நல்ல கனம். என்ன சொல்வது என்று தெரிந்துதான் இருந்தது. நாக்கு, பழகிய தடத்தில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது.

“உன் இஷ்டம்.”

“அது தெரியும்,” என்றாள். “வச்சிரட்டுமா?”

வைத்துவிட்டாள்.

அடுத்த மூன்று நாளும் மழை. பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. வாடகைக்கு வீடு பார்க்க வந்து முடிவு சொல்லாமல் நிற்கிறவர்கள் போல இருந்தது. இவர் தானே தட்டித் தானே கேட்டுப் பார்த்தார். மஹோகனியைத் தட்டும்போது அது மஹோகனி என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு, பலகைகளைக் கலைத்து வைத்துத் தட்டப் போய், ஆஷைக் கால் பெருவிரலில் போட்டுக்கொண்டார். அந்தச் சத்தம் மட்டும் சந்தேகமில்லாமல் கேட்டது.

வியாழக்கிழமை மதியம் கடைத்தெருவில் மின்சாரம் போய்விட்டதாம், கிளினிக்கை மூடிவிட்டு டாக்டரம்மா வந்தார். இந்தத் தெருவில் மின்சாரம் இருந்தது. பகல்தான் என்றாலும் வானம் அப்படி மூடிக்கொண்டிருந்ததால் இவர் பல்பைப் போட்டிருந்தார்.

“முடிவு பண்ணிட்டீங்களா மாஸ்டர்?”

“டாக்டரம்மா, நீங்க வேற யாராவது நல்ல ஆளாப் பாத்துச் செஞ்சுக்கறது நல்லது,” என்றார். சொன்ன பிறகுதான் தான் அப்படிச் சொன்னதே தெரிந்தது. “கேக்குற ஆள் இல்லாம என்னால முடியல. இனிமே அவ வருவான்னும் தோணல.”

டாக்டரம்மா குடையை மூலையில் வைத்தார். பல்வலி என்று அலறி வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய நிதானம். கையைக் கழுவி, துடைத்தார்.

“தட்டுறது நான். பொழப்பே அதுதான். நீங்க உக்காந்து கேளுங்க.”

“நானா?”

“வேற யாரு இருக்கா? உக்காருங்க. வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.”

பெட்டி மேல் டாக்டரம்மாவின் பையும் ஈரக்குடையின் உறையும் இருந்தன. மிச்சமிருந்தது ஜன்னல் நாற்காலிதான். சால்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனையோ வருஷம் பார்த்த நாற்காலி. உட்காருவது இதுதான் முதல் தடவை. இடது கால் கொஞ்சம் குட்டையாக இருந்தது. சொல்லியிருக்கலாமே, ஒரு ஆப்பு அடித்துக் கொடுத்திருப்பேனே என்று நினைத்தார்.

பின்னால் டாக்டரம்மா பலகையைத் தூக்கினார். எங்கே பிடிப்பது என்று கேட்டார். மேலே, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என்றார் இவர். டொக். சுத்தமான தட்டு.

ஆஷ் என்பது சத்தத்தில் தெரிந்ததா, அல்லது எதிரே தெரிந்ததாலா என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது. ஏனென்றால் எதிரே எல்லாம் தெரிந்தது. வெளியே மழையிருட்டு, உள்ளே பல்பு. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பட்டறைதான். மேசை, ரம்பம், தொங்குகிற பலகை, பலகைக்கு மேலே டாக்டரம்மாவின் முகம்.

புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தார். அடுத்தது வால்நட். அதைத் தட்டும்போது முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. பெரிய மனிதர் வீட்டுக்குப் போய் சோபா நுனியில் உட்காருகிற மரியாதை. மூன்றாவது, மஹோகனி. டொக் என்றது. டாக்டரம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழ் உதடு லேசாகப் பிரிந்து, வாய் பாதி திறந்து, இன்னொரு தடவை தட்ட வேண்டும் என்பதையே மறந்து நின்றார்.

“ம்,” என்றார் டொக்டொக்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த ‘ம்’ அவருடையது இல்லை. அச்சு அசல் அவளுடையது.

முதலில் வந்தது வெட்கம்தான். அவள் முதுகுக்குப் பின்னால்தானே என்று மூக்கைச் சட்டைக் கையில் துடைத்த சாயங்காலங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சர்க்கரை வியாதிக்காரர் தின்னக் கூடாது என்று அவள் ஒளித்துவைத்த பிஸ்கட்டைச் சத்தம் வராமல் வாயில் ஊற வைத்து ஊற வைத்துத் தின்றது. மறுநாள் டீ வழக்கமான துளிச் சர்க்கரையும் இல்லாமல் வந்ததற்கு இப்போதுதான் காரணம் புரிந்தது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட காது! பூண்டு உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமலே, அவள் பார்த்துக்கொண்டிருந்தது மரத்தை அல்ல. ஒவ்வொரு கட்டைக்கும் தன் முகம் எப்படிப் போகிறது என்று அவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“மஹோகனியா? எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு! எப்படி மாஸ்டர், காதை வச்சேவா?” என்றார் டாக்டரம்மா.

“காதுதாங்க,” என்றார். தொழிலுக்கென்று ஒரு மானம் இருக்கிறதல்லவா? பிறகு எழுந்துபோய் டிக் போட்ட மேப்பிளை எடுத்து வந்து மஹோகனியோடு சேர்த்து வைத்தார். “கழுத்துக்கு இதைப் போடுறேன்.”

“அது உங்க வீட்டம்மா…”

“போடத்தானே டிக் போட்டா?”

டாக்டரம்மா போன பிறகு மறுபடி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு ஆள், மடியில் சால்வையோடு, போனை வெறித்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. இந்த மூஞ்சியையா ஒருத்தி வருஷக்கணக்கில் பார்த்தாள் என்று இருந்தது. எண்ணை அழுத்தினார்.

“என்னங்க, என்னாச்சு? இன்னிக்கு வியாழக்கிழமைதானே? உடம்புக்கு ஏதாவதா?” என்று பதறினாள்.

“ஜன்னல் கண்ணாடி,” என்றார்.

“உக்காந்துட்டீங்களா அதுல?” என்றாள். குரலில் மாட்டிக்கொண்ட திருடியின் சிரிப்பு.

“பிஸ்கட்டையும் பாத்தியா?”

“எல்லாத்தையும்.”

“அப்ப உனக்குச் சத்தம்…”

“சத்தம் கேட்டுச்சு. எல்லாக் கட்டையும் எனக்கு டொக்குன்னுதான் கேட்டுச்சு. ஆனா நல்ல கட்டை வந்தா உங்க வாய் லேசாத் திறக்கும். வெல கூடின கட்டைன்னா புருவம் மட்டும் ஏறும், வாய் திறக்காது. அதுக்கெல்லாம் ம்ஹும் போட்டுருவேன். கித்தார் எல்லாம் நல்லாத்தானே வந்துச்சு?”

“நல்லாத்தான் வந்துச்சு.”

“அப்புறம் என்ன?”

மழை ஓட்டைப் போட்டு அறைந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துளிகூட அவளுக்குப் போய்ச் சேராது. மனிதன் வாயைத் திறந்தால்தான் இந்தப் போன் எதையும் கொண்டுபோகும்.

“நாற்காலிக்கு இடது கால் குட்டையா இருக்கு. ஏன் சொல்லல?”

“நீங்களா பாப்பீங்கன்னு இருந்தேன்.”

“ஆப்பு அடிச்சு வைக்கிறேன்.” மடியிலிருந்த சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நீ வந்துரு.”

“என்ன?”

“வந்துருன்னேன். காப்பகத்துல அந்த இடத்தைப் பிடிச்சுக்கச் சொல்லு. பேரனைப் பாக்கணும்னா ரெண்டு பேரும் சேந்து போய்ப் பாத்துட்டு வரலாம். கட்டைக்காகச் சொல்லல. கட்டை பொறுக்கியாச்சு.”

‘டேய், பாத்துடா’ என்று அவள் அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். குழந்தை எதையோ இழுத்துக்கொண்டு வந்து, எதிலோ மோதியிருக்க வேண்டும். அதுவும் இரைச்சல்தானே, இவருக்குக் கேட்கவில்லை.

“இத்தனை நாள் உன் இஷ்டம், உன் இஷ்டம்னு சொன்னீங்க,” என்றாள். “இந்த வார்த்தையைத் தலை நிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா, மறு பஸ் ஏறியிருப்பேன். இப்ப இவன் தூக்கத்துல என்னைத் தேடுறான்.”

“ம்.”

“இப்ப அந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கீங்களா?”

“ஆமா.”

“கண்ணாடியில பாருங்க. வாய் திறந்திருக்கா, மூடியிருக்கா?”

பார்த்தார்.

“திறந்துதான் இருக்கு.”

“ம்ம்…” என்றாள், நீட்டி.

அந்த நீட்டலுக்கு அர்த்தம் தெரிந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ‘ம்’ இல்லை. ‘ம்ஹும்’ இல்லவே இல்லை.

“நாளைக்கும் கூப்பிடுறேன்,” என்றார்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே.”

“இல்லதான்.”

போனை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வெளியே மழை இன்னும் விட்டபாடில்லை. கண்ணாடியில் இருந்த ஆள் இன்னும் வாயை மூடவில்லை.